தாபோல் எரிவாயு மின்சார நிலையம்



2014-ஆம் ஆண்டின் தொடக்கம். நம் மாநிலத்தில் மின்வெட்டு இன்னும் முற்றிலும் தீராதிருந்த நேரம். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பதினோராம் வகுப்பில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்விசிறி நின்றுவிட்டது. கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, மகாராஷ்டிரத்தில் இரண்டாயிரம் மெகாவாட் நிலையம் ஒன்று ஓடாமல் சும்மா நிற்கிறதாமே! அங்கிருந்து கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தால் என்ன?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, கேள்வி மிக நல்ல கேள்வி.

கம்பியைப் பற்றிய பகுதிக்கு உடனே விடை சொல்லிவிட்டேன். தென்மாநிலங்களின் மின் வலையானது நாட்டின் மற்றப் பகுதிகளின் வலையோடு ஒத்திசைந்து ஓடாமல் நெடுங்காலம் தனித்து நின்றது. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே அமைந்த மின்தொடர் வழியாக அது பொது வலையோடு இணைந்தது. ஆதலின் மாணவன் கேட்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கம்பி வந்துவிட்டது எனலாம். ஆனால் அந்த நிலையம் ஏன் நிற்கிறது என்பதற்கு விடை சொல்லத் தொடங்கியபோது பாடவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. அன்று முடியாத பாடத்தை இன்று முடிக்க எண்ணுகிறேன்.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைக்குத் தெற்கே, கொங்கணக் கரையில், இரத்தினகிரி மாவட்டத்தில் வசிஷ்டி என்னும் ஆறு அரபிக் கடலிற் கலக்கிறது. ஆற்றின் வடகரையில் இருப்பது தாபோல் என்னும் பழைய துறைமுகம். பாமினி சுல்தான்களின் காலத்தில் பெயர்பெற்று விளங்கியது. 15-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த உருசிய வணிகர் அபனாசி நிக்கித்தின் தாயகம் திரும்பக் கப்பலேறியது இங்கிருந்துதான். மின்சார நிலையமோ எதிர்க்கரையில், குகாகர் வட்டத்தைச் சேர்ந்த அஞ்சன்வேல் கிராமத்தை ஒட்டி அமைந்தது. பெயர் ஒரு கரைக்கும் நிலையம் மறு கரைக்குமாகப் போயிற்று.

எரிவாயு மின்சார நிலையம் என்றவுடன், வாயுவை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அந்த நீராவியாற் சக்கரம் சுழற்றுவது என்றே பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை, பிற்பாதி உண்மை. முற்பாதியில் தண்ணீருக்கே வேலையில்லை. வெளிக்காற்றை ஓர் அமுக்கி உள்ளே இழுத்துப் பல மடங்கு அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்றிலே எரிவாயுவைக் கலந்து எரிக்கிறார்கள். கொதிக்கும் அப்புகை விரிந்து பாயும் வேகத்தில் டர்பைன் என்னும் சுழலியின் இறகுகளைத் தள்ளுகிறது. சுழலி திரும்ப, அதனோடு ஒரே தண்டில் பூட்டிய மின்னாக்கியும் திரும்புகிறது. வானவூர்தியைத் தள்ளும் ஜெட் யந்திரமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதே, இதை ஏன் முன்னமே செய்யவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். தடையாக நின்றது அந்த அமுக்கிதான். பொது மின் வழங்கலுக்காக ஓடிய முதல் வாயுச் சுழலி 1939-இல் சுவிட்சர்லாந்து நாட்டு நூஷாத்தெல் நகரில் அமைந்தது. செய்தவர்கள் பிரவுன் பொவேரி கம்பெனியார். அதன் சுழலி ஈன்ற ஆற்றல் ஏறத்தாழ 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை அமுக்கியே விழுங்கிவிட்டது! நகரத்திற்குக் கிடைத்தது வெறும் 4,000 கிலோவாட். உழவன் விளைவித்த நான்கு மூட்டை நெல்லில் மூன்று மூட்டையை உழுத மாடுகளே தின்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்களேன். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 17 பங்கு மட்டுமே மின்சாரமாயிற்று. அக்கணக்கில் பார்த்தால் அது தோல்வி. ஆயினும் ஓடிற்று என்பதே அன்று வெற்றி.

பின்னர் இரண்டு காரியங்கள் நடந்தன. மிகுந்த வெப்பத்திலும் உருகாத, வளையாத உலோகக் கலவைகள் வந்தன. அவற்றால் இறகுகள் செய்து, அவற்றினுள்ளே துளையிட்டுக் காற்றுச் செலுத்திக் குளிரச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். அடுத்தது அதனினும் எளிய யோசனை. சுழலியை விட்டு வெளியேறும் புகை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூட்டோடு போகிறது. ஈயத்தை உருக்கிவிடும் சூடு அது. அதை வானத்தில் விடுவானேன்? அந்தப் புகையைக் குழாய்களின் மேல் செலுத்திக் குழாய்க்குள் ஓடும் நீரை ஆவியாக்கினால், அந்த ஆவி இன்னொரு சுழலியைத் திருப்பும். முன்னர் நான் பாதி உண்மை என்று சொன்னது இதைத்தான். ஒரே நெருப்பைக் கொண்டு இருமுறை வேலை வாங்கும் இம்முறைக்குக் கூட்டுச் சுழற்சி என்று பெயர். இதனால் நூற்றுக்கு 50 பங்கும் அதற்கு மேலும் மின்சாரமாகக் கிடைக்கிறது. சாதாரண நிலக்கரி நிலையத்தில் கிடைப்பது 35 பங்கு அளவே. சாம்பல் மலை குவிவதில்லை. புகைக்கூண்டிலிருந்து கரி கொட்டுவதில்லை. வெளியேறும் கரியமில வாயுவும் ஒரு யூனிட்டுக்குப் பாதி அளவாகக் குறைகிறது. தாபோலில் அமைந்தவை இந்தக் கூட்டுச் சுழற்சி யந்திரங்களே. அவற்றைச் செய்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி. யந்திரத்தில் குறையென்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிவாயு எங்கிருந்து வரும்? இதுதான் முதல் சிக்கல். நம் கோவில்களப்பாலிலும் வழுதூரிலும் உள்ள நிலையங்கள் சிறியவை. காவிரிப் படுகையில் அருகேயே கிடைக்கும் வாயுவைக் குழாய்வழி பெறுமாறு அமைந்தவை. கோவில்களப்பால் நிலையத்தின் ஆற்றல் 108 மெகாவாட் அளவே. தாபோலுக்குத் திட்டமிட்டதோ அதைப்போல் இருபது மடங்கு. பக்கத்தில் வாயு இல்லை. ஆகவே அரபு நாடுகளிலிருந்து கடல்வழியாகக் கொண்டுவருவதென்று முடிவாயிற்று. வாயுவைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிர்வித்தால் அது திரவமாகி, முன்னிருந்த இடத்தில் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதைத் தனிக் கப்பலில் ஏற்றி, இறங்கும் துறையில் மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் விட வேண்டும். குளிர்விக்கும் ஆலை, தனிக் கப்பல், இறக்கும் துறை, சேமிக்கும் தொட்டி என ஒவ்வொன்றும் பெருஞ்செலவு. அச்செலவெல்லாம் கடைசியில் யூனிட் விலையில் வந்து ஏறும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1991-இல் நம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறக்குறைய வற்றிப்போயிற்று. மின்சாரம் போதவில்லை, புதிய நிலையங்கள் கட்ட அரசாங்கத்திடம் பணமில்லை. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டு, மின் உற்பத்தியில் தனியாரும் அந்நியரும் மூலதனம் இடலாமென்று கதவு திறக்கப்பட்டது. 1992-இல் அதிகாரிகள் மேல்நாடுகளுக்குச் சென்று முதலீட்டாளர்களை அழைத்தனர். அழைப்பை ஏற்று வந்தவற்றுள் ஒன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து என்ரான் கம்பெனி. அதன் பிரதிநிதிகள் ஜூன் மாத நடுவில் வந்தனர். அம்மாதம் 20-ஆம் தேதியே மகாராஷ்டிர மின்சார வாரியத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சில நாள்களில்! நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள்கூட இதைவிட அதிக நாள் யோசிப்பார்கள். போட்டி விலைக்கோரல் எதுவும் நடக்கவில்லை.

உலக வங்கியைக் கடன் கேட்டார்கள். வங்கி 1993-இல் திட்டத்தைப் பரிசீலித்து, பொருளாதார முறையில் இது தகாது என்று மறுத்துவிட்டது. அது சொன்ன காரணத்தை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தைப் பெருமளவில் குதிரில் நெல்லைப்போல் சேர்த்துவைப்பது எளிதன்று. எந்த நேரத்தில் எவ்வளவு தேவையோ, அந்த நேரத்தில் அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். மாலை விளக்கேற்றும் நேரத்தில் தேவை உச்சத்துக்கு ஏறும், நள்ளிரவில் இறங்கிவிடும். ஆகையால் வாரியத்தார் மலிவான நிலையங்களை முதலில் ஓட்டுவர். தேவை ஏறஏற விலை கூடியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பர். இறங்கும்போது விலை கூடியவற்றையே முதலில் நிறுத்துவர். இறக்குமதி வாயுவில் ஓடும் நிலையம் விலை கூடிய வரிசையில் நிற்பது. அதை இரவும் பகலும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டால், அதைவிட மலிவான நிலக்கரி நிலையத்தை நிறுத்த வேண்டிவரும். அவ்வளவு பெரிய நிலையத்தை எந்நேரமும் ஓட்டும் அளவுக்கு மகாராஷ்டிரத்தில் தேவையில்லை என்பதே வங்கியின் முடிவு.

அவ்வாறு சொல்லியும் 1993 டிசம்பர் 8-ஆம் தேதி மின் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதற்கட்டம் 695 மெகாவாட். இரண்டும் சேர்ந்து 2,015 மெகாவாட். பங்குகளில் என்ரானுக்கு 80 விழுக்காடு. யந்திரம் தரும் ஜெனரல் எலக்ட்ரிக்குக்கும் கட்டடம் கட்டும் பெக்டெல் கம்பெனிக்கும் பத்துப் பத்து. நிலையம் 90 விழுக்காடு நேரம் ஓடத் தயாராக இருந்தால், வாரியம் மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதற்குரிய நிலைக்கட்டணத்தைச் செலுத்த வேண்டும். கட்டணத்தின் பெரும்பகுதி டாலர் மதிப்பில் கணக்கிடப்படும். வாரியம் கொடுக்கத் தவறினால் மாநில அரசாங்கம் கொடுக்கும். அதுவும் தவறினால் மைய அரசாங்கம் கொடுக்கும்.

நிலைக்கட்டணம் என்றால் என்னவென்று விளக்க எனக்கு ஒரு பழைய அனுபவம் உதவுகிறது. நான் உதவியாசிரியனாக இருந்த நாளில் மாணவர்களைத் தஞ்சைப் பெரிய கோவிலுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்ல ஒரு பேருந்தை 2,000 ரூபாய்க்கு அமர்த்தினேன். ஐம்பது பேர் பெயர் கொடுத்தனர். தலைக்கு 40 ரூபாய் என்று அறிவித்தேன். புறப்படும் நாளன்று அடைமழை. வந்தவர்கள் இருபது பேர். பேருந்துக்காரர் வாடகையைக் குறைப்பாரா? அவர் வண்டி வந்து நின்றுவிட்டதே. தலைக்கு 100 ரூபாய் ஆயிற்று. “நாற்பது என்றுதானே சொன்னீர்கள்?” என்று ஒரு மாணவனின் தந்தை கேட்டார். பேருந்தில் பழுதில்லை, பேருந்துக்காரர் பேரிலும் குற்றமில்லை. ஐம்பது பேர் வருவார்களென்று நம்பிக் கையெழுத்திட்டவன் நான்தான்.

மின்சார நிலையத்தின் கணக்கும் இதுவே. கட்டட மூலதனம், கடனுக்கு வட்டி, பங்குதாரர்க்கு ஆதாயம், ஊழியர் சம்பளம் ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. எரிபொருட்செலவு மட்டும் ஓடும் அளவுக்கு ஏற்ப. 740 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுவதும் நில்லாமல் ஓடினால் 648 கோடி யூனிட் கிடைக்கும். நிலைச்செலவு ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இது உண்மைத் தொகையன்று. 90 விழுக்காடு ஓடினால் யூனிட்டுக்கு 1 ரூபாய் 71 காசு விழும். 30 விழுக்காடு மட்டும் ஓடினால் 5 ரூபாய் 14 காசு விழும். எரிபொருள் விலை இதற்குமேல். யந்திரம் அதே யந்திரம்; பணம் அதே பணம். காகிதமும் பென்சிலும் எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தின் மேற்கொண்டு கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1995-இல் மாநிலத்தில் ஆட்சி மாறிற்று. திட்டத்தை அரபிக் கடலில் எறிவோம் என்று தேர்தல் மேடைகளில் முழங்கியவர்கள் வென்றனர். ஆகஸ்டு 3-ஆம் தேதி திட்டத்தை இரத்தும் செய்தனர். கம்பெனி இலண்டனில் நடுவர் மன்றத்தை நாடிற்று. மறு பேச்சு நடந்தது. 1996-இல் அதே அரசாங்கம் திட்டத்தை முன்னினும் பெரிதாக்கி ஏற்றுக்கொண்டது: முதற்கட்டம் 740 மெகாவாட், மொத்தம் 2,184 மெகாவாட். பதின்மூன்று நாள்களே நிலைத்திருந்த மைய அமைச்சரவை ஒன்று, அவ்வாண்டு மே மாதத்தில் போகும் தறுவாயில் அதன் உறுதிப்பத்திரத்துக்கு இசைவு தந்துவிட்டுப் போயிற்று. எதிர்த்தவர்கள் ஆதரித்ததும், ஆதரித்தவர்கள் எதிர்த்ததும் எவ்வளவு விரைவில் நிகழ்ந்தன என்பதை அரசியல் மாணவர்கள் தனியே ஆராயலாம்.

ஆனால் அக்கரையில் வாழ்ந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பாடம் நிறைவாகாது. அஞ்சன்வேல், வேல்தூர், ராண்வி ஆகிய ஊர்களில் மீனவரும் மாந்தோப்பு வைத்திருந்தவரும் தம் நிலமும் நீரும் மீனும் என்னாகுமென்று அஞ்சிக் கிளர்ச்சி செய்தனர். 1997-இல் வேல்தூரில் போலீசார் புகுந்து அடித்தனர்; பெண்களும் தப்பவில்லை. மனித உரிமைக் காப்பு நிறுவனமாகிய ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999-இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டுப் போலீசையும் கம்பெனியையும் குற்றஞ்சாட்டிற்று. விலை அதிகம் என்று நகரங்களில் வாதிட்டவர்களின் பேச்சுப் பத்திரிகைகளில் நாள்தோறும் வந்தது. அடிபட்டவர்களின் பேச்சு அவ்வளவாக வரவில்லை.

1999 மே மாதத்தில் முதற்கட்டம் ஓடத் தொடங்கியது. திரவ வாயு இறங்கும் துறை இன்னும் கட்டி முடியவில்லை. ஆகையால் பெட்ரோலியத்திலிருந்து பிரியும் நாப்தா என்னும் எண்ணெயை எரித்தார்கள். எரிவாயு நிலையம் எண்ணெயில் ஓடிற்று! இங்கே மூன்று காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. 1998 இறுதியில் பீப்பாய் பத்து டாலர் அளவுக்கு இறங்கியிருந்த கச்சா எண்ணெய், 2000-இல் முப்பது டாலரைத் தாண்டியது. நாப்தாவும் உடன் ஏறிற்று. ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் ஒரு டாலருக்கு 31 ரூபாய் இருந்தது, 2000 முடிவில் 46 ரூபாய்க்கு மேலாயிற்று. விலை ஏறவே வாரியம் வாங்குவதைக் குறைத்தது; குறைக்கக் குறைக்க யூனிட்டின் மேல் விழும் நிலைக்கட்டணம் கூடிற்று. மழைநாளில் பேருந்தில் ஏறிய இருபது பேரின் நிலைதான். 2000-ஆம் ஆண்டின் சில மாதங்களில் தாபோல் மின்சாரம் யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் விழுந்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. விற்பனையில் அதன் பாதியைக்கூட வாரியம் மக்களிடமிருந்து பெறவில்லை.

வாரியத்தால் பணம் செலுத்த முடியவில்லை. 2001 தொடக்கத்தில் கம்பெனி மாநிலத்தின் உறுதியையும், பின்னர் மைய அரசாங்கத்தின் உறுதியையும் நாடிற்று. வாரியம் ஓர் எதிர்வாதம் கொண்டுவந்தது. குளிர்ந்து நிற்கும் நிலையம் மூன்று மணி நேரத்துக்குள் முழு ஆற்றலுக்கு ஏற வேண்டுமென்பது ஒப்பந்தம். ஜனவரி 28-ஆம் தேதி அவ்வாறு ஏறவில்லை. எனவே 401 கோடி ரூபாய் அபராதம் என்றது. கம்பெனி மறுத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வக்கீல்களின் சண்டை. ஆனால் கூட்டுச் சுழற்சி யந்திரத்தின் இயல்பு இதில் அடங்கியிருக்கிறது. வாயுச் சுழலி தனியே விரைந்து எழும்பும். அதன் புகையால் சூடேற வேண்டிய நீராவிப் பகுதியோ மெல்ல மெல்லத்தான் சூடேறும். அவசரப்படுத்தினால் கனத்த உலோகம் விரிசல் காணும். எந்நேரமும் ஓடுவதற்கென்று கட்டிய நிலையத்தை, தேவையானபோது மட்டும் எழுப்பி ஓட்டியதன் விளைவே இவ்வழக்கு என்பது என் கருத்து.

2001 மே மாத இறுதியில் யந்திரங்கள் நின்றன. இரண்டாம் கட்டம் ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்தது. அதுவும் அப்படியே நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் தேதி என்ரான் கம்பெனியே அமெரிக்காவில் திவாலாயிற்று. பலர் இவ்விரண்டையும் இணைத்து, தாபோலால் என்ரான் வீழ்ந்தது என்றும், என்ரானால் தாபோல் வீழ்ந்தது என்றும் சொல்வதுண்டு. இரண்டும் சரியல்ல. என்ரானின் வீழ்ச்சிக்குக் காரணம் அதன் கணக்குப் புத்தகத்தில் கடன்களை மறைத்துவைத்த சூழ்ச்சிகள். தாபோல் அதற்கு ஆறு மாதம் முன்னரே நின்றுவிட்டது.

கொங்கணத்து மழை ஆண்டொன்றுக்கு எவ்வளவு கொட்டும் என்பது தெரியுமல்லவா? அந்த மழையிலும் உப்புக் காற்றிலும் யந்திரங்கள் ஐந்து ஆண்டுக் காலம் கிடந்தன. நம் நாட்டு வங்கிகள் கொடுத்திருந்த கடனும் உடன் கிடந்தது. 2005 ஜூலையில் தேசிய அனல் மின் கழகமும் கெயில் நிறுவனமும் முன்னின்று இரத்தினகிரி எரிவாயு மின் கம்பெனியைத் தொடங்கி, நிலையத்தை ஏற்றன. 2006-இல் யந்திரங்கள் மீண்டும் சுழன்றன. அடுத்த ஆண்டு வடக்கிலிருந்து குழாய்வழி எரிவாயு வந்து சேர்ந்தது. எரிவாயு நிலையம் எரிவாயுவில் ஓட எட்டு ஆண்டு ஆயிற்று. மூன்று தொகுதிகளின் ஆற்றல் இப்போது 1,967 மெகாவாட் என வரையறுக்கப்பட்டது. 2009-இல் ஆந்திரக் கடலில் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்நீர்க் கிணறுகள் வாயு தரத் தொடங்கின. அதில் தாபோலுக்கும் பங்கு கிடைத்தது. உள்நாட்டு வாயு விலை குறைவு, மின்சாரமும் மலிவாயிற்று, மகாராஷ்டிரம் விரும்பி வாங்கியது. சில ஆண்டுகள் இந்நிலையம் நன்றாகவே ஓடிற்று. இந்நல்ல காலத்தை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

அக்கிணறுகள் 2010-இல் நாளொன்றுக்கு ஆறு கோடி கன மீட்டருக்கு மேல் தந்தன. 2013-இல் அது ஏறத்தாழ ஒன்றரைக் கோடியாகச் சுருங்கிவிட்டது. நீரும் மணலும் புகுந்தன, நிலத்தடி அமைப்பு எதிர்பார்த்தபடி இல்லை என்றது கிணறு தோண்டிய நிறுவனம். சொன்னபடி போதிய கிணறுகள் தோண்டவில்லை என்றது அரசாங்கம். கிடைத்த வாயுவில் உர ஆலைகளுக்கே முதலிடம். மின் நிலையங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தாபோலில் திரவ வாயுத் துறை 2013-இல் ஒருவாறு திறக்கப்பட்டது. ஆனால் அலைதடுப்புச் சுவர் முடியாததால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் அணைய முடியவில்லை. அந்த வாயுவின் விலையோ மிக அதிகம். 2013 இறுதியில் யந்திரங்கள் மறுபடி நின்றன. என் மாணவன் பத்திரிகையில் படித்தது இந்தச் செய்தியைத்தான்.

தாபோல் ஒன்று மட்டும் அவ்வாறு நிற்கவில்லை. நாட்டின் வலையோடு இணைந்திருந்த எரிவாயு நிலையங்களின் மொத்த ஆற்றல் அப்போது 24,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் 14,305 மெகாவாட் உள்நாட்டு வாயுவின்றித் தவித்தது என்று 2015-இல் மைய அரசாங்கமே கணக்குக் காட்டிற்று. அவ்வாண்டு, இறக்குமதி வாயுவுக்கு உதவித்தொகை கொடுத்து ஏல முறையில் சில நிலையங்களை ஓட்ட ஒரு திட்டம் வகுத்தார்கள். அதன் பயனாகத் தாபோலில் ஒரு பகுதி 2015 நவம்பரில் எழுந்து, ஏறத்தாழ 500 மெகாவாட் மின்சாரத்தை இரயில்வேக்கு வழங்கிற்று. அந்த ஏற்பாடு 2022 வரை நடந்தது. துறையும் தொட்டிகளும் 2018-இல் பிரிக்கப்பட்டு, கொங்கண் திரவ வாயுக் கம்பெனி எனத் தனியாயின. 2013-இல் தாபோலிலிருந்து பெங்களூருக்குக் குழாய் போடப்பட்டுவிட்டதால், நிலையத்துக்கென்று கட்டிய துறையின் வாயு நிலையத்தைக் கடந்து கருநாடகத்து ஆலைகளுக்கும் அடுப்புகளுக்கும் செல்லத் தலைப்பட்டது.

ஆகவே, கம்பி வந்தபின்னும் ஏன் வாங்கவில்லை என்ற மாணவனுக்கு விடை இது: யந்திரம் உண்டு, கம்பி உண்டு, ஆனால் வாயு இல்லை, விலை கொடுத்து வாயு வாங்கினால் அந்த மின்சாரத்தை விலை கொடுத்து வாங்க ஆளில்லை. நம் மின்சார வாரியமும் கடனில் மூழ்கியிருந்த காலம் அது.

இன்னும் ஒரு செய்தி உண்டு. உள்நாட்டு வாயு நின்றபோது புதிய கம்பெனியார், இறக்குமதி வாயுவைக் கொண்டு நிலையத்தை ஓட்டத் தயார் என்று அறிவித்தனர். விலை கூடிய அந்த மின்சாரம் எங்களுக்கு வேண்டாம், எங்கள் இசைவின்றி எரிபொருளை மாற்றியதால் நிலைக்கட்டணமும் தர மாட்டோம் என்றது மகாராஷ்டிர மின் பகிர்மானக் கம்பெனி. ஓடாத நிலையத்துக்கு வாடகை யார் கொடுப்பது? என்ரான் போய்ப் பன்னிரண்டு ஆண்டு ஆகியும் கேள்வி மட்டும் போகவில்லை. இம்முறை இரு பக்கத்திலும் நின்றவை பொதுத்துறையினர் நடத்தியவையே. 2013-இல் மைய மின் ஒழுங்குமுறை ஆணையம் நிலையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு மேலே மேலே சென்றது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பகிர்மானக் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளியது. நிலையம் ஓடத் தயாராக இருந்தது, எடுத்துக்கொள்ளாதது வாங்குபவரின் முடிவு, ஆதலின் நிலைக்கட்டணம் உரியதே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அன்று வகுப்பில் கேள்வி கேட்ட மாணவன் பின்னர் மின் பொறியியல் படித்தான். தீர்ப்பு வந்த செய்தியை எனக்குத் தொலைபேசியில் முதலிற் சொன்னவன் அவன்தான். “பேருந்துக்காரர் ஜெயித்துவிட்டார், ஐயா” என்றான்.